ஒரே போத்தலில் இரண்டு தேள்கள்

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி, பாலமுனை

2020 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சீனாவுக்குப் புறப்படவிருந்த ஒருவரின் பயணப் பொதியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குள் ஏறத்தாழ 200 தேள்கள் உயிரோடு இருந்தன. நஞ்சை எடுப்பதற்காகவே அவற்றைக் கொண்டு செல்ல முயன்றிருக்கலாம் என்று சுங்கத் திணைக்களப் பேச்சாளர் தெரிவித்தார். அந்தப் பயணிக்கு ஒரு இலட்சம் ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. அதன் பின் அவர் செல்ல அனுமதிக்கப்பட்டார்.

இந்தச் செய்தியைப் படித்த பலரும் "தேளைக்கூட விடமாட்டார்களா?" என்று வியந்திருப்பார்கள். உயிரியல் படிக்கும் ஒருவருக்கு இன்னொரு கேள்வியும் எழும். தேள்கள் ஒன்றையொன்று தின்னும் என்று சொல்கிறார்களே, அப்படியானால் பல தேள்களை ஒரே பெட்டியில் வைத்தால் என்ன நடக்கும்? அவை சேர்ந்து வாழுமா, இல்லை கடைசியில் ஒன்றுதான் மிஞ்சுமா?

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். மாரி மழை தொடங்கி வளவுக்குள் தண்ணீர் ஏறியதும் தேங்காய் மட்டைக் குவியலுக்கடியிலும், விறகுக்கட்டைக்குள்ளும், கல் அடுக்கிலும் இருந்த தேள்கள் மேடு தேடி வெளியே வரும். சிறுவர்கள் அவற்றை ஈர்க்கால் தள்ளி ஜாம் போத்தலுக்குள் விழுத்துவார்கள். ஒன்று கிடைத்தால் இன்னொன்றையும் தேடிப் பிடித்து அதே போத்தலில் போடுவார்கள். மறுநாள் காலையில் ஒரு தேளும், இன்னொன்றின் இடுக்கியும் வாலும் மட்டும் இருக்கும். "பார்த்தீங்களா, தேளுக்குத் தேளே எதிரி!" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. தேள் தன் இனத்தைத் தின்பது உண்மை. ஆனால் அதைத் தேளின் கெட்ட குணம் என்று சொல்லிவிட்டால் நாம் எதையும் அறிந்துகொள்ள மாட்டோம். அந்தப் போத்தலில் நடந்ததற்குத் தேள் எவ்வளவு காரணமோ, போத்தலும் அவ்வளவு காரணம்.

தேள் யார்?

தேள் ஒரு பூச்சி அல்ல. பூச்சிக்கு ஆறு கால்கள், தேளுக்கு எட்டு. சிலந்தி, உண்ணி ஆகியவை அடங்கும் அரக்னிடா வகுப்பைச் சேர்ந்தது அது. உலகில் 2,500 இற்கும் மேற்பட்ட தேள் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மனித உயிருக்கு ஆபத்தான நஞ்சு கொண்டவை மிகச் சிலவே. இலங்கையின் தேள்களை முழுமையாக ஆராய்ந்து 2016 இல் வெளியிடப்பட்ட கட்டுரை 18 இனங்களைக் குறிப்பிடுகிறது. அதன் பின்னரும் புதியவை கண்டறியப்பட்டன. 2019 இல் விபரிக்கப்பட்ட ஒரு கருந்தேள் இனத்துக்கு யாலயின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

நம்மில் பலர் நட்டுவக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேள்கள் ஹெட்டரோமெட்ரஸ் என்ற பேரினத்தையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் சேர்ந்தவை. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அவற்றின் நஞ்சு பொதுவாக வீரியம் குறைந்தது. இலங்கையில் உண்மையில் அஞ்ச வேண்டியது யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணப்படும் செந்தேள். ஹொட்டென்டொட்டா தமுலஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இந்தியாவில் பல உயிர்களைப் பறித்ததும் இதே இனம்தான். அளவில் சிறியது, இடுக்கி மெலிந்தது, வால் தடித்தது. பொதுவாக இடுக்கி பருத்து வால் மெலிந்த தேள் இடுக்கியையே நம்பி வாழ்கிறது. இடுக்கி மெலிந்து வால் தடித்த தேள் நஞ்சை நம்பி வாழ்கிறது. இது மாறாத விதி அல்ல, ஆனாலும் நினைவில் வைத்திருக்கத்தக்க அடையாளம்.

அசைவது எல்லாம் இரையா?

ஒரே இடத்தில் அடைக்கப்பட்ட தேள்கள் ஏன் ஒன்றையொன்று தாக்குகின்றன என்று அறிய, தேள் உலகை எப்படி உணர்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தேளின் முதுகின் நடுவில் இரண்டு கண்களும் முன்விளிம்பின் இரு பக்கங்களிலும் சில சிறு கண்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றால் உருவங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. அது காலால்தான் "பார்க்கிறது". கால்களில் உள்ள நுண்ணிய பிளவுகள் நிலத்தின் அதிர்வை உணர்கின்றன. இடுக்கியில் உள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் அசைவை உணர்கின்றன. வயிற்றுப் பக்கத்தில் சீப்புப் போன்ற இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. நடக்கும்போது அவை நிலத்தைத் தொட்டு வாசனைச் சுவடுகளை அறிகின்றன.

1970களில் கலிபோர்னியாவின் மணற்பாலைத் தேளை ஆராய்ந்த பிரவுனெல், பார்லி என்ற இரு விஞ்ஞானிகள், மணலில் ஒரு பூச்சி எழுப்பும் அதிர்வை வைத்தே அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் தேள் கண்டுபிடிப்பதைக் காட்டினார்கள். எட்டுக் கால்களுக்கும் அதிர்வு ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை. எந்தக் காலுக்கு முதலில் வந்ததோ அந்தப் பக்கம் தேள் திரும்புகிறது.

இப்போது போத்தலை நினைத்துப் பாருங்கள். வழுக்கும் கண்ணாடிச் சுவரில் இரண்டு தேள்களும் ஏற முயன்று விழுகின்றன. ஒவ்வோர் அசைவும் மற்றதன் கால்களுக்கு அதிர்வாகப் போய்ச் சேருகிறது. வெளியே என்றால் சில அடி விலகிப் போனால் அந்த அதிர்வு அடங்கிவிடும். இங்கே அது அடங்குவதே இல்லை. தேளுக்கு அது இரையின் அழைப்பாக இருக்கலாம், எதிரியின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அது தரும் பதில் இடுக்கியை விரிப்பதுதான்.

தன்னினம் உண்ணல்

கெரி பொலிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கலிபோர்னியப் பாலைவனத்தில் தேள்களைப் பல வருடங்கள் இரவிரவாக அவதானித்தார். தேளின் புறவன்கூடு புறஊதா ஒளியில் பச்சை கலந்த நீல நிறத்தில் ஒளிரும். ஆகவே புறஊதா விளக்கு ஒன்று இருந்தால், கும்மிருட்டிலும் தேள் எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது, திறந்த பாலைவனத்திலேயே தேள்கள் தம் இனத்தைத் தின்பதும், அது அவற்றின் உணவில் கணிசமான பங்காக இருப்பதும் தெரியவந்தன.

ஆனால் அவருடைய ஆய்வில் இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. தின்பது பெரும்பாலும் பெரியது, தின்னப்படுவது சிறியது. ஒரே பருமனான இரண்டு தேள்கள் மோதினால் இரண்டுக்குமே காயம் வரும். ஆகவே அவை முடிந்தவரை விலகிப் போகின்றன. சிறியவையோ பெரியவை அதிகம் நடமாடும் நேரத்தையும் காலத்தையும் தவிர்த்து வெளியே வருகின்றன. ஒரே இடத்தில் வாழ்ந்தாலும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு உயிர் தப்புகின்றன.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. காட்டிலும் வளவிலும் தேள்களுக்கிடையே ஓர் அமைதி இருக்கிறது. அது அன்பால் வந்த அமைதி அல்ல, தூரத்தால் வந்தது. தூரத்தை எடுத்துவிட்டால் அமைதியும் போய்விடும்.

தோல் கழற்றும் இரவு

ஒரே பருமனான தேள்களை ஒன்றாக வைத்தால் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். இங்கேதான் தேள் வளர்ப்பவர்களே அடிக்கடி ஏமாறும் இடம் வருகிறது.

தேளின் உடலைக் கடினமான புறவன்கூடு மூடியிருக்கிறது. அது உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே தேள் வளர வேண்டுமென்றால் பழைய கூட்டைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். பிறந்ததிலிருந்து முழு வளர்ச்சி அடையும்வரை பல இனங்கள் ஐந்து முதல் ஏழு தடவைகள் இப்படித் தோல் கழற்றுகின்றன. புதிய கூடு இறுகும்வரை தேளின் உடல் பஞ்சு போல மென்மையாக இருக்கும். இடுக்கியால் பிடிக்கவோ கொடுக்கால் கொட்டவோ அதற்கு வலு இருக்காது.

நேற்றுவரை சம பலத்தோடு இருந்த இரண்டு தேள்களில் ஒன்று இன்றிரவு தோல் கழற்றினால், மற்றதற்கு அது எதிர்க்க முடியாத இரை. காட்டில் தோல் கழற்றும் தேள் வளைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். அடைத்து வைத்த இடத்தில் ஒதுங்க இடமில்லாவிட்டால் பல மாதம் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடும்.

தாயைத் தின்று பிறக்கும் என்பது உண்மையா?

"தேள் குஞ்சுகள் தாயின் முதுகைக் கிழித்து, தாயைத் தின்றுதான் வெளியே வரும்" என்று நம் வீட்டு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இது பல நாடுகளில் இருக்கும் நம்பிக்கை. தாயின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் அடர்ந்திருப்பதையும், அருகே எங்கோ ஒரு வெற்றுக் கூடு கிடப்பதையும் பார்த்தவர்கள் இப்படி முடிவு செய்திருக்கலாம்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. கர்ப்ப காலம் பல மாதங்கள். சில இனங்களில் அது ஒரு வருடத்தையும் தாண்டும். பிறந்த குஞ்சுகள் தாயின் கால் வழியாக ஏறி முதுகில் அமர்கின்றன. அந்த நேரத்தில் அவற்றால் இரை பிடிக்க முடியாது, உடல் ஈரத்தைக் காக்கவும் முடியாது. முதலாவது தோல் கழற்றும்வரை, அதாவது பெரும்பாலும் ஓரிரு வாரங்கள், தாயின் முதுகே அவற்றின் வீடு. அதன் பின் பெரும்பாலான இனங்களில் அவை இறங்கித் தம் வழியே போய்விடுகின்றன.

தாயைக் குஞ்சுகள் தின்பதில்லை. ஆனால் தாய் குஞ்சுகளைத் தின்பதுண்டு. பட்டினி, வறட்சி, அடிக்கடி குழப்பப்படுதல் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. குஞ்சு சுமந்த தேளைப் போத்தலில் போட்டுக் குலுக்கிப் பார்ப்பவர்கள், பிறகு குஞ்சுகளின் தொகை குறைவதைக் கண்டு "தேள் பிள்ளையையும் தின்னும்" என்பார்கள். குலுக்கிய கை யாருடையது என்று அவர்கள் யோசிப்பதில்லை.

கூடி வாழும் தேள்கள்

எல்லாத் தேள்களும் தனித்தே வாழ்கின்றனவா? இல்லை. இந்த இடத்தில்தான் நம் நட்டுவக்காலியின் குடும்பம் முக்கியமாகிறது.

தென்னிந்தியாவில் வாழும் ஹெட்டரோமெட்ரஸ் புல்விப்பெஸ் என்ற கருந்தேளைப் பற்றி சிவசங்கர் என்ற ஆய்வாளர் 1994 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தத் தேளின் குஞ்சுகள் முதுகிலிருந்து இறங்கிய உடனே பிரிந்து போவதில்லை. தாயோடு ஒரே வளையில் நெடுநாள் தங்கி, இரையையும் பகிர்ந்துகொள்கின்றன. மேற்கு ஆபிரிக்காவின் பேரரசத் தேளும் இப்படிக் குடும்பமாக வாழ்வதற்குப் பெயர் பெற்றது. கறையான் புற்றுகளில் பெரியதும் சிறியதுமாகச் சேர்ந்து வாழும். பெரிய இரையைத் தாய் கிழிக்கும்போது குஞ்சுகளும் சேர்ந்து உண்ணும்.

ஆகவே தேள்கள் கூடி வாழவே மாட்டா என்பதும் சரியல்ல, எல்லாத் தேள்களையும் கூட்டி வைக்கலாம் என்பதும் சரியல்ல. கூடி வாழும் இனங்களில்கூட அது தேனீக் கூட்டம் போன்ற சமூகம் அல்ல. அங்கே இராணியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. ஒரு தாய், அவளது பிள்ளைகள், நல்ல ஈரமான வளை, போதிய இரை. இவை இருக்கும்வரை பொறுத்துக்கொள்கின்றன. இதைச் சகிப்பு என்று சொல்வதே பொருத்தம்.

ஆறாயிரம் தேள்களும் ஒரு பெண்ணும்

2004 இல் மலேசியாவில் நூர் மலேனா ஹசன் என்ற முஸ்லிம் பெண் ஒரு கண்ணாடி அறைக்குள் 6,069 தேள்களுடன் 36 நாட்கள் தங்கி உலக சாதனை படைத்தார். பின்னர் தாய்லாந்தின் காஞ்சனா கெட்கேவ் 2008 டிசம்பர் முதல் 2009 ஜனவரி வரை 5,320 தேள்களுடன் 33 நாட்கள் தங்கினார். அவருடைய அறையின் பரப்பு 12 சதுர மீற்றர். அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 440 இற்கும் அதிகமான தேள்கள்!

இரண்டு தேள்கள் ஒரு போத்தலில் ஓர் இரவைத் தாண்டாதபோது ஆயிரக்கணக்கான தேள்கள் ஓர் அறையில் எப்படி ஒரு மாதம் இருந்தன? நாம் படித்தவற்றை வைத்தே இதற்கு விடை காணலாம். படங்களில் தெரிபவை தென்கிழக்காசியக் காடுகளின் பெரிய கருந்தேள்கள், அதாவது சகிப்புள்ள குடும்பத்தைச் சேர்ந்தவை. முழு வளர்ச்சி அடைந்த தேள் தோல் கழற்றுவதில்லை. ஆகவே அந்த ஆபத்தான இரவு அவற்றுக்கு வருவதில்லை. தேளின் உடல் மிகக் குறைந்த சக்தியில் இயங்குவதால் பல வாரங்கள், சில இனங்களில் பல மாதங்கள், உணவின்றியே அதனால் இருக்க முடியும். ஆகவே பசி உடனே அவற்றைத் தூண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு மாதம் மட்டுமே. ஒரு மாதம் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டன என்பதால் அவை நலமாக வாழ்ந்தன என்று சொல்லிவிட முடியாது. நெரிசலான பஸ்ஸில் கல்முனைவரை நின்று போகிறோம். அதற்காக அந்த பஸ்ஸிலேயே குடியிருக்க முடியுமா?

மருந்துக்காக வளர்ப்போர்

சாதனைக்காக அல்லாமல், தேவைக்காகத் தேள்களை ஒன்றாக வைத்திருப்போரும் உண்டு. தேள் கடிக்கான நஞ்சு முறிப்பு மருந்து செய்வதற்குத் தேளின் நஞ்சே வேண்டும். ஒரு தேளிடம் ஒரு தடவையில் கிடைக்கும் நஞ்சு மிகமிகச் சொற்பம். ஆகவே ஆயிரக்கணக்கான தேள்கள் தேவைப்படுகின்றன. இந்தியாவில் செந்தேளின் நஞ்சுக்கு எதிரான மருந்தை மும்பையின் ஹாப்கின் நிறுவனம் தயாரிக்கிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் 1901 இல் தொடங்கப்பட்ட புட்டன்டன் நிறுவனம் இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்றது.

பிரேசிலின் மஞ்சள் தேள் ஒரு விந்தையான உயிர். ஆண் இல்லாமலே பெண் தேள் குஞ்சு ஈனும் என்பது 1962 இல் அறியப்பட்டது. ஒரு தாயின் பிள்ளைகள் ஏறக்குறைய அத்தாயின் பிரதிகளே. நகரங்களின் கழிவுநீர்க் குழாய்களில் நெருக்கமாக வாழப் பழகிய இத்தேள்களை ஆய்வுகூடங்களில் பெட்டிகளில் கூட்டமாக வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி நம் ஜாம் போத்தல் போன்றது அல்ல.

அப்படியானால் தேள்களை ஒன்றாக வைக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும்? இதுவரை பார்த்தவற்றிலிருந்து நாமே ஊகிக்கலாம்.

முதலாவது, ஒரே இனமாக இருக்க வேண்டும். ஈரம் தேடும் கருந்தேளுக்கும் வறண்ட நிலத்துச் செந்தேளுக்கும் ஒரே இடம் ஒத்துவராது. அதோடு ஒன்றின் நஞ்சு மற்றதைக் கொன்றுவிடலாம்.

இரண்டாவது, ஒரே பருமனாக இருக்க வேண்டும். சிறியதைப் பெரியதோடு விடுவது, சிறியதை இரையாகக் கொடுப்பதற்குச் சமம். தாயும் அதன் சொந்தக் குஞ்சுகளும், அதுவும் குடும்பமாக வாழும் இனங்களில் மட்டும், இதற்கு விதிவிலக்கு.

மூன்றாவது, ஒளியும் இடங்கள் தேள்களின் தொகையைவிட அதிகமாக இருக்க வேண்டும். பத்துத் தேள்களுக்குப் பத்து மறைவிடங்கள் போதாது. இரண்டு தேள்கள் ஒரே மறைவிடத்தை விரும்பினால் தோற்றது ஒதுங்க இன்னொரு இடம் வேண்டும். மரப்பட்டை, ஓட்டுத் துண்டு, சிரட்டை, முட்டை அடுக்கும் காட்போட் தட்டு என எதுவும் இதற்கு உதவும். இவை நிலத்தின் அதிர்வையும் குறைக்கும்.

நான்காவது, இரையும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஒரேயொரு கரப்பானைப் போட்டால் அது சண்டைக்குப் போட்ட அழைப்பு. பல இடங்களில் பல இரைகள் வேண்டும்.

ஐந்தாவது, தோல் கழற்ற ஆயத்தமாகும் தேளைப் பிரித்து வைக்க வேண்டும். அதன் உடல் உப்பி, மந்தமாகி, இரையை மறுப்பதைக் கொண்டு அதை ஓரளவு அறியலாம்.

இத்தனையும் செய்த பிறகும் இழப்பு வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் பெரும்பாலான இனங்களை ஒரு பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கிலேயே வைக்கிறார்கள்.

இந்த ஐந்தையும் மறுபடி வாசித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இவை எல்லாம் சேர்ந்து தேளுக்குத் திருப்பிக் கொடுக்க முயல்வது வளவில் அதற்கு இலவசமாகக் கிடைத்த தூரத்தையும் மறைவையும் தான். விறகுக் குவியலிலும் வரம்பு வளையிலும் இவை இருக்கின்றன. போத்தலில் இருப்பது கண்ணாடி மட்டுமே.

பிடித்து வைக்கலாமா?

"அப்படியென்றால் நல்ல பெட்டி செய்து நாமும் வளர்க்கலாமே" என்று தம்பிமார் சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே என் பதில். அதற்குக் காரணங்கள் உண்டு.

இலங்கையின் தேள் இனங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பேரரசத் தேளைச் செல்லப் பிராணியாக விற்பதற்காக ஆபிரிக்காவில் பெருந்தொகையாகப் பிடித்ததால், 1995 முதல் அதன் சர்வதேச வணிகம் உடன்படிக்கை ஒன்றின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தேள் மெதுவாக வளர்வது, நீண்ட காலம் சுமந்து ஈனுவது. பிடித்துத் தீர்க்கும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. கட்டுநாயக்கவில் பிடிபட்ட பொதியை ஒரு விநோதச் செய்தியாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். 200 தேள்கள் என்பது ஒரு காட்டுப் பகுதியின் பல வருட விளைச்சலாக இருக்கலாம். "பெரிய தேளுக்கு இலட்சக்கணக்கில் விலை" என்று யாராவது ஆசை காட்டினால், சட்டத்தின் முன் மாட்டுவது பிடித்துக் கொடுப்பவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது தேள் கொட்டிய திருடன் போல வாய் திறக்கவும் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. தேள் வயலிலும் வளவிலும் கரப்பான், சிள்வண்டு, கறையான் ஆகியவற்றைத் தின்று நமக்கு உதவி செய்கிறது. தீங்கு செய்ய வரும் தேளைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி இருப்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவையும் நாம் படித்திருக்கிறோம். ஆபத்தை நீக்குவது ஒன்று, அடைத்து வைத்துச் சாகும்வரை வேடிக்கை பார்ப்பது இன்னொன்று.

பெற்றோர்களுக்கு

மாரி காலத்தில் தேள் வீட்டுக்குள் வருவது நம்மைத் தேடி அல்ல, காய்ந்த இடத்தைத் தேடி. ஆகவே விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடு, கல் ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காமல் தள்ளி வையுங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள். பாடசாலைச் சப்பாத்தையும் சுருட்டி வைத்த பாயையும் தலையணையையும் உதறிப் பார்த்துப் பாவியுங்கள். இரவில் கிணற்றடிக்கோ வெளியே மலசலகூடத்துக்கோ போகும்போது டோச்சும் செருப்பும் அவசியம்.

வீட்டுக்குள் ஒரு தேளைக் கண்டால் பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். வாய் அகன்ற கண்ணாடிக் குவளையால் மூடி, அடியில் தடித்த அட்டையை மெல்லச் செருகி, வீடுகளிலிருந்து தள்ளியுள்ள வெட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம். எக்காரணம் கொண்டும் கையால் தொட வேண்டாம். செத்தது போல் கிடக்கும் தேளும் கொட்டும்.

கொட்டிவிட்டால் அந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த தண்ணீர்த் துணி வைத்து வலியைத் தணியுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுடுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலியோடு போய்விடும். ஆனால் கொட்டப்பட்டது சிறு பிள்ளை என்றால், எந்தத் தேள் என்று ஆராய்ந்துகொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அளவுக்கு மீறிய வியர்வை, வாந்தி, கை கால் குளிர்தல், நெஞ்சு படபடத்தல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பெரியவரானாலும் தாமதிக்கக் கூடாது.

முடிவாக

"தேளுக்குத் தேளே எதிரி" என்ற தீர்ப்பை இனிக் கொஞ்சம் திருத்திச் சொல்லலாம். தேளுக்குத் தேள் அயலவர். நடுவில் வேலியும், ஒதுங்க ஓரிடமும், பசியாற இரையும் இருக்கும்வரை அவை அயலவராகவே இருந்துவிடுகின்றன. கோடிக்கணக்கான வருடங்களாக அப்படித்தான் இந்த உலகில் தரித்து நிற்கின்றன. வேலியை அகற்றி, ஒதுங்கும் இடத்தைப் பறித்து, பசியோடு ஒரே கண்ணாடிக்குள் தள்ளிவிட்டால், அங்கே நடப்பதைத் தேளின் குணம் என்று எப்படிச் சொல்வது?

தோழிகளே, அடுத்த மாரியில் உங்கள் வீட்டுத் தம்பி இரண்டாவது தேளைத் தேடி ஈர்க்கோடு புறப்பட்டால் அவனை ஏச வேண்டாம். பக்கத்தில் இருத்தி இதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். தேளுக்கு எத்தனை கண், காலால் எப்படிப் பார்க்கிறது, தாய் முதுகில் எத்தனை நாள் குஞ்சு சுமக்கிறது என்று கேட்கக் கேட்க அவனுக்கே ஆவல் வரும். அறிந்துகொண்ட ஓர் உயிரைப் போத்தலில் அடைப்பதற்கு யாருக்கும் இலேசில் மனம் வராது.